சிமுலேட்டர் நிலப்படங்களில் பொருள்கள் தோன்ற வேண்டிய தூரம்

விமானம் ஓட்டக் கற்போருக்குத் தரையிலேயே பயிற்சியளிக்கும் சாதனங்கள் தோன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. 1929ஆம் ஆண்டு அமெரிக்காவில் எட்வின் லிங்க் அமைத்த யந்திரத்தில் வெளிக் காட்சி என்று எதுவும் இல்லை. மாணவர் மூடிய பெட்டிக்குள் அமர்ந்து கருவிகளின் முட்களை மட்டும் நோக்கிப் பழகினார். பிற்காலத்தில், மலையும் ஆறும் ஓடுபாதையும் சிறிய அளவில் அமைந்த பெரும் பலகை ஒன்றின் மீது டெலிவிஷன் காமிராவை நகர்த்தி, அது காணும் காட்சியை விமானியின் கண்ணெதிரே காட்டும் முறை வந்தது. அப்பலகையில் ஒரு வீடு இருந்தால், அது தொலைவிலும் இருந்தது, அருகிலும் இருந்தது. நெருங்கினால் மட்டும் திடீரென முளைத்தெழும் வீடு அதில் கிடையாது. காட்சியைக் கம்ப்யூட்டர் வரையத் தொடங்கிய பின்னரே அந்த விசித்திரம் ஏற்பட்டது.

கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் ஒவ்வொரு கட்டடமும், மரமும், கோபுரமும் விமானத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தால்தான் வரையப்படும். அத்தூரத்தைத் தோற்ற எல்லை என்று வழங்கலாம். எல்லைக்கு அப்பாலுள்ள பொருள் யந்திரத்தைப் பொறுத்தவரை இல்லாத பொருளே. இவ்வாறு வரம்பு கட்டுவதில் குற்றமில்லை. கண்ணுக்குத் தெரியாதவற்றை வரைவதில் கம்ப்யூட்டரின் உழைப்பை வீணாக்குதல் அறிவுடைமையன்று. தொலைவிலுள்ள பொருளை எளிய வடிவிலும், அருகிலுள்ளதை நுணுக்கமாகவும் வரைய வேண்டும் என்ற கொள்கையை ஜேம்ஸ் கிளார்க் என்னும் அறிஞர் 1976ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார். வரம்பு எதைக்கொண்டு தீர்மானிக்கப்படுகிறது என்பதிலேயே கோளாறு உள்ளது.

இன்று இலவசமாகக் கிடைக்கும் ஃபிளைட்கியர் போன்ற சிமுலேட்டர்களில், தத்தம் ஊரின் நிலப்படத்தைத் தாமே ஆக்கிச் சேர்க்கும் ஆர்வலர்கள் பலர் உளர். 1997ஆம் ஆண்டு முதற்பதிப்பு வெளிவந்த ஃபிளைட்கியரை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஆதலின் அது பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஏற்றது. ஆனால் நிலப்படம் ஆக்குவோர் பெரும்பாலும் செய்வது யாதெனின், பொருள்கள் திடீரென முளைப்பதைக் கண்டவுடன், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே எண்ணைக் கூட்டிவிடுவதுதான். 5 கிலோமீட்டர் போதாதெனில் 10. அதுவும் போதாதெனில் 20. இம்முறை தவறானது. இதனால் யந்திரம் தளர்வதோடு, காட்சியின் உண்மையும் கெடுகிறது.

மும்பைத் துறைமுகத்தின் கிழக்கே, தாணே கடற்கழியின் அக்கரையில், நவி மும்பையைச் சேர்ந்த சான்பாடாவை நடுப்புள்ளியாகக் கொண்டு இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அங்கிருந்து 5 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டமிட்டால் அதன் பரப்பு சுமார் 78 சதுர கிலோமீட்டர். சான்பாடா ரயில் நிலையம், மின்ரயில் பெட்டிகள் நிற்கும் பணிமனை, சயான்-பன்வேல் நெடுஞ்சாலை, வாஷியின் மொத்த வியாபாரச் சந்தை, பாம் பீச் சாலையோரத்து அடுக்குமாடிகள், கடற்கழியின் சதுப்பு ஆகியன அவ்வட்டத்துள் அடங்கும். ஆரத்தை 20 கிலோமீட்டர் ஆக்கினால் பரப்பு நான்கு மடங்கன்று, 16 மடங்கு, அதாவது 1,250 சதுர கிலோமீட்டருக்கும் சற்று அதிகமாகிவிடும். பொருள்களின் எண்ணிக்கையோ அதே விகிதத்தில் நில்லாது. ஏனெனில் பெரிய வட்டம் கடற்கழியைத் தாண்டிச் செம்பூரையும் மாதுங்காவையும் தாராவியையும் விழுங்கிவிடுகிறது. தாராவியின் நெருக்கமான கூரைகளைத் தனித்தனிப் பொருளாக நிலப்படத்தில் இட்டவர், சான்பாடாவின் மேல் பறக்கும்போது 16 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அக்கூரைகள் ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் வரைந்து கொண்டிருக்கும்படி செய்துவிடுகிறார். அவற்றுள் ஒன்றையேனும் விமானியின் கண் பிரித்தறியாது. ஆனால் காட்சி மட்டும் தடுக்கித் தடுக்கி நகரும்.

இதற்கு அஞ்சி, தாராவியைப் பொருளேதும் இல்லாத வெற்று நிலமாக விட்டுவிடும் நிலப்படங்களும் உண்டு. அதுவும் பொய்யே. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழும் இடத்தைப் பொட்டலாகக் காட்டும் படத்தைத் தாராவிப் பள்ளி மாணவர் ஒருவர் பார்க்க நேர்ந்தால் என்ன நினைப்பார் என்று ஆக்கியோர் எண்ணிப் பார்த்தல் நலம். தொலைவிலிருந்து அக்குடியிருப்பு எப்படித் தெரியுமோ அப்படியே, கூரைகளின் நிறமும் நெருக்கமும் விளங்கும் தரைச் சித்திரமாக அதைக் காட்டி, மிக அருகில் வரும்போது மட்டும் தனித்தனிக் கூரைகளை எழுப்புதல் சரியான வழி. அருகருகே உள்ள சிறு வீடுகளைக் குழு குழுவாக இணைத்து ஒரே பொருளாக வரையச் செய்தாலும் பளு வெகுவாகக் குறையும். குழுவுக்கு ஒரே எல்லைதான் இருக்க முடியும் என்பதால், உயர்ந்த கட்டடத்தை அதில் சேர்த்துக் கட்டிவிடக் கூடாது.

எல்லையைக் கண்மூடித்தனமாகக் கூட்டுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. எந்தப் பொருள் முன்னே, எது பின்னே என்பதைக் கம்ப்யூட்டர் ஓர் ஆழக் கணக்கின் மூலம் அறிகிறது. பழைய முறையில் இக்கணக்குக்குச் சுமார் 1 கோடியே 67 லட்சம் படிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி விமானத்துக்கு மிக அருகிலேயே செலவாகிவிடும். வரைதல் தொடங்கும் அருகெல்லை 10 சென்டிமீட்டராக இருப்பின், 10 கிலோமீட்டர் தொலைவில் ஒரு படியின் அளவு ஏறத்தாழ 60 மீட்டர். அதாவது, ஒன்றன்பின் ஒன்றாக 40 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு கட்டடங்களுள் எது முன்னது என்று யந்திரத்துக்கே தெரியாது. இரண்டும் மாறிமாறி மினுக்கும். அருகெல்லையை 1 மீட்டராக்கினால் அப்படி 6 மீட்டராகச் சுருங்கும். புதிய சிமுலேட்டர்கள் வேறு முறையைக் கையாண்டு இக்குறையைத் தவிர்க்கின்றன. எனினும் பள்ளிகளில் உள்ள பழைய யந்திரங்களில் தொலைதூரக் கட்டடங்கள் நடுங்குவதைக் கண்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

அங்ஙனமாயின் எல்லையை எவ்வாறு நிர்ணயிப்பது? இதற்கு விடை கடலோடிகளிடம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. மாலுமிகளின் விளக்குப் பட்டியலில் எல்லாக் கலங்கரை விளக்கங்களுக்கும் சேர்த்து ஒரே தூரம் குறிக்கப்படுவதில்லை. கொலாபாவின் தென்கோடியில் 1875ஆம் ஆண்டு முதல் நிற்கும் பிராங்ஸ் விளக்குக்கு ஒரு தூரம். வேறொரு துறைமுகத்து விளக்குக்கு வேறொரு தூரம். விளக்கின் உயரம், ஒளியின் வலிமை, பூமியின் வளைவு ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் தனியே கணக்கிடுவர். நில அளவையினரும் இதை அறிந்தவரே. 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து பெருந்திரிகோண அளவையைத் தொடங்கிய லாம்ப்டன், குன்றுகள் இல்லாத சோழநாட்டுச் சமவெளியில் கோயில் கோபுரங்களையே அளவை நிலையங்களாகக் கொண்டார். நெடுந்தூரம் தெரிபவை அவையே என்பதுதான் காரணம். 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெருங்கோயிலின் மேல் ஏற்றும்போது அவருடைய பெரிய தியோடலைட் சுவரில் மோதிச் சேதமுற்ற கதையைப் பூகோள ஆசிரியர் பலர் அறிவர். சுற்றியுள்ள வீடுகளுக்கும் அக்கோபுரத்துக்கும் ஒரே தோற்ற எல்லை என்று லாம்ப்டனிடம் யாரேனும் சொல்லியிருந்தால் அவர் நகைத்திருப்பார்.

ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உயரத்துக்கேற்ற எல்லை வேண்டும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 60 பாகைக் காட்சியை 1,920 புள்ளிகள் அகலமுள்ள திரையில் காட்டினால், ஒரு பாகைக்கு 32 புள்ளிகள் வரும். ஒரு பொருள் திரையில் மூன்று புள்ளி உயரமேனும் இருந்தால்தான் அதை இன்னதென்று ஓரளவு அறியலாம் எனக் கொண்டால், அதன் உயரத்தை 600ஆல் பெருக்கிக் கிடைப்பதே அதன் எல்லை. 6 மீட்டர் உயரமுள்ள மாடி வீட்டுக்கு 3.6 கிலோமீட்டர், 30 மீட்டர் உயரமுள்ள அடுக்குமாடிக்கு 18 கிலோமீட்டர், 100 மீட்டர் கோபுரத்துக்கு 60 கிலோமீட்டர். வகுப்பில் இதை விளக்குவதும் எளிது. கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்த அளவுகோலின் ஒரு மில்லிமீட்டர் கோடு, 18 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் 30 மீட்டர் கட்டடத்தைச் சரியாக மறைக்கும்.

தொடுவானமும் ஒரு வரம்பு. மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 300 மீட்டர் உயரத்தில் பறப்பவருக்கு அது சுமார் 62 கிலோமீட்டர். தாழப் பறக்கும் சிறு விமானத்துக்கு இதற்கப்பால் மலைச் சிகரங்களைத் தவிர வேறெதுவும் அனேகமாகத் தேவைப்படாது.

உயரம் ஒன்றையே பார்ப்பதும் போதாது. ரேடியோக் கம்பம் ஒன்று 100 மீட்டர் உயரமிருந்தாலும் அகலம் ஓரிரு மீட்டரே; மெல்லிய அக்கம்பம் திரையில் ஒரு புள்ளியின் அகலம்கூடப் பெறாமல் மறைந்து மறைந்து தோன்றும். நேரிலும் விமானிகளுக்குக் கம்பங்கள் எளிதில் புலப்படுவதில்லை. அதனாலேயே உயர்ந்த கம்பங்களுக்கும் புகைபோக்கிகளுக்கும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டி, உச்சியில் எச்சரிக்கை விளக்கும் வைக்கிறார்கள். இங்கேதான் நிலப்படங்களில் மிகவும் கண்டிக்கத்தக்க பிழை ஒன்று நேர்கிறது. விளக்கைக் கம்பத்தோடு சேர்த்து ஒரே பொருளாகக் கட்டிவிடுவதால், கம்பத்தின் எல்லையே விளக்கின் எல்லையாகிவிடுகிறது. இரவில் வெகுதூரத்திலிருந்து முதலில் தெரிய வேண்டிய ஒளி, கம்பம் வரையப்படும் வரை காத்திருக்கிறது! எல்லை 1,500 மீட்டராக இருந்தால், மணிக்கு 90 கடல் மைல் வேகத்தில் வரும் சிறு விமானத்துக்கு விளக்கைக் கண்ட நொடி முதல் கம்பத்தை அடையும் வரை உள்ள அவகாசம் 32 விநாடி மட்டுமே. எச்சரிக்கை விளக்கை எதிர்பார்த்துத் தேடும் பழக்கம் அத்தகைய படத்தில் பயின்றவருக்கு எங்ஙனம் ஏற்படும்? விளக்குகளைத் தனிப் பொருளாகப் பிரித்து, அவற்றுக்கு நீண்ட எல்லை கொடுத்தல் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்றே சொல்லலாம். ஒளிப்புள்ளி ஒன்றை வரைவதில் யந்திரத்துக்குப் பளுவும் மிகச் சொற்பமே.

இனி, காற்றின் தெளிவு. வானிலை நிலையங்களில் பணிபுரிவோர் இதைச் சொல்லித் தெரிய வேண்டியவர்கள் அல்லர். இன்ன திசையில், இன்ன தூரத்தில், இன்ன அடையாளப் பொருள் என்று பட்டியல் வைத்துக்கொண்டு, அவற்றுள் எதுவரை தெரிகிறது என்று பார்த்தே அவர்கள் பார்வைத் தூரத்தைப் பதிகின்றனர். மும்பைப் பகுதியில் மழை ஓய்ந்த நாளில் நெடுந்தூரம் தெளிவாகத் தெரியும் குன்றுகள், குளிர்காலக் காலையின் புகைமூட்டத்தில் அடியோடு மறைவதுண்டு. ஒளி காற்றில் 5 சதவீதமாகக் குறையும் தூரமே பார்வைத் தூரத்தின் இலக்கணம். அதில் பாதித் தூரத்திலேயே சுமார் 22 சதவீதம்தான் எஞ்சும். இதிலிருந்து பயனுள்ள முடிவு ஒன்று கிடைக்கிறது. புகைமூட்டத்தின் விளிம்பில் ஒரு பொருள் தோன்றினால், அது முளைப்பதைக் கண் கவனியாது. ஆகவே சிமுலேட்டரில் அன்றைய பார்வைத் தூரம் 5 கிலோமீட்டர் என்று வைக்கப்பட்டிருக்கும்போது, சாதாரணக் கட்டடங்களை 18 கிலோமீட்டர் வரை வரைந்துகொண்டிருப்பது வீண். உயரத்தால் வரும் எல்லை, அன்றைய பார்வைத் தூரம் ஆகிய இரண்டில் எது சிறியதோ அதையே கொள்ள வேண்டும். விளக்குகளுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. வலிய விளக்கு, பகலில் கட்டடம் மறையும் தூரத்துக்கு அப்பாலும் இரவில் தெரியக்கூடும்.

தெளிந்த நாளிலும் தோற்றம் மெல்ல நிகழ்தல் நலம். பொருள் ஒரே கணத்தில் குதித்து நிற்காமல், முதலில் மங்கலாகி, பின் நிறைவு பெறும்படி அமைக்கலாம். தோன்றும் தூரத்தையும் மறையும் தூரத்தையும் ஒன்றாக வைத்தால், எல்லையோரமாக வட்டமிடும் விமானத்தில் கட்டடம் கண்சிமிட்டிக் கொண்டேயிருக்கும். 18 கிலோமீட்டரில் தோன்றினால் 19 கிலோமீட்டரில் மறையட்டும்.

பொழுதுபோக்குச் சாதனம் ஒன்றுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். சக்தி வாய்ந்த கம்ப்யூட்டர்களும், 2020ஆம் ஆண்டு வெளிவந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரைப் போல உலகத்தையே செயற்கைக்கோள் படங்களிலிருந்து வருவித்துக் காட்டும் ஏற்பாடுகளும் இருக்கையில் இது பழங்கணக்கு அல்லவா என்பர். பள்ளிக்கூடங்களில் உள்ள யந்திரங்கள் அத்தகையன அல்ல என்பது ஒரு பதில். விமானி வெளியே பார்த்து இடமறியும் பழக்கம் எத்துணை முக்கியமானது என்பதற்கு மும்பையே சாட்சி என்பது மற்றொரு பதில். 1953ஆம் ஆண்டு ஜூலையில் பிரிட்டிஷ் கம்பெனியின் காமெட் ஜெட் விமானம் ஒன்று, சாந்தாகுரூஸ் என்று எண்ணி ஜுஹுவின் சிறு விமான நிலையத்தில் இறங்கிவிட்டது. 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் தேதி ஜப்பான் ஏர்லைன்ஸின் டி.சி.8 விமானமும் அதே தவற்றைச் செய்து, குறுகிய ஓடுபாதையைத் தாண்டிச் சென்று சிதைந்தது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. இரு நிலையங்களுக்கும் இடையே 4 கிலோமீட்டர்கூட இல்லை. முக்கிய ஓடுபாதைகளும் ஏறத்தாழ ஒரே திசையின. இந்நிகழ்ச்சிகளுக்குச் சிமுலேட்டர் காரணமன்று. ஆனால் ஓடுபாதை ஒன்றையே பார்க்காமல், அதைச் சுற்றியுள்ள குன்று, கடற்கரை, கோபுரம் முதலியவற்றின் ஒழுங்கை முன்கூட்டியே கண்டு இடத்தை உறுதி செய்யும் பயிற்சியின் அவசியத்தை இவை உணர்த்துகின்றன. அடையாளங்கள் தாமதமாக முளைக்கும் படத்தில் அப்பயிற்சி கைகூடாது.

இப்பொழுது அப்பகுதியில் மற்றொரு பெரிய விமான நிலையமும் வந்துவிட்டது. சான்பாடாவிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் அமைந்த நவி மும்பை சர்வதேச விமான நிலையம் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டு, டிசம்பர் 25ஆம் தேதி முதல் பயணிகள் விமானங்களை ஏற்று வருகிறது. இந்நிலையத்தின் பொருட்டு உல்வே குன்று வெட்டித் தாழ்த்தப்பட்டது. உல்வே ஆற்றின் போக்கும் திருப்பிவிடப்பட்டது. ஆர்வலர்கள் தரையின் உயரத்துக்குப் பெரிதும் நம்பியிருப்பதோ, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ராடாரால் அளந்த விவரங்களை! அவற்றை அப்படியே எடுத்தால், இன்று ஓடுபாதை உள்ள இடத்தருகே இல்லாத குன்று எழுந்து நிற்கும். தரையின் தோற்ற எல்லையைக் கூட்டக் கூட்ட அப்பொய்க் குன்று மேலும் தொலைவிலிருந்தே தெரியும். 2005ஆம் ஆண்டு மே மாதம் நமது கார்ட்டோசாட்-1 ஏவப்பட்ட பின் அதன் படங்களிலிருந்து ஆக்கிய உயர விவரங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அளந்த ஆண்டு எதுவென்று பார்ப்பது முதல் வேலை.

இவ்விஷயத்தில் களப் பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடியது சிறிதன்று. எந்தக் கட்டடம் எவ்வளவு உயரம், எது எங்கிருந்து தெரிகிறது என்பதைச் செயற்கைக்கோள் படம் சொல்லாது. இலவச வரைபடங்களில் கட்டடத்தின் அடிச்சுற்று இருக்கும், உயரம் பெரும்பாலும் இராது. உயரம் தெரியாதபோது சிமுலேட்டர் ஏதோ ஓர் உயரத்தை ஊகித்து எழுப்பிவிடுகிறது. 600ஆல் பெருக்கும்போது அவ்வூகப் பிழையும் 600 மடங்காகிறது. கோணமானியும் அளவு நாடாவும் கொண்டு எட்டாம் வகுப்பு மாணவர்களே கோபுரத்தின் உயரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பள்ளிகளில் கற்பிக்கும் தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் இதற்காகத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. வானிலை நிலையத்தார் வைத்திருக்கும் அடையாளப் பொருள்களின் பட்டியல், நிலப்படம் ஆக்குவோருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த முதல் பட்டியல். அதைப் போன்றதொன்றை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தயாரித்தல் நன்று.

ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி மத்திய சர்க்கார் வெளியிட்ட நிலத்தகவல் விதிகளின்படி, இந்தியர்கள் நிலப்படம் ஆக்க முன்அனுமதி பெற வேண்டிய நிலை பெரும்பாலும் நீங்கிவிட்டது. எனினும் பாதுகாப்பு காரணமாக விலக்கப்பட்ட விவரங்களைப் படத்தில் குறித்தல் கூடாது. சான்பாடாவுக்கு எதிர்க்கரையான ட்ராம்பேயில் அணுசக்தி ஆராய்ச்சி நிலையம் இருப்பதால், அவ்வட்டாரத்துப் படத்தை ஆக்குவோர் விதிகளைப் படித்துவிட்டுத் தொடங்குவதே உசிதம்.

படம் முடிந்தபின் சோதிப்பதற்கு ஒரு சுற்றே போதும். பார்வைத் தூரத்தை 30 கிலோமீட்டராக வைத்து, சாந்தாகுரூஸின் மேலிருந்து 300 மீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கிச் சான்பாடாவுக்குப் பறந்து பார்க்கலாம். கடற்கழிக்கு அப்பாலுள்ள பார்சிக் குன்றுத் தொடரும் பாம் பீச் சாலையின் உயர்ந்த மாடிகளும் புறப்படும்போதே தெரிய வேண்டும். சந்தையின் தாழ்ந்த கொட்டகைகள் கடற்கழியை நெருங்கும்போது எழலாம். அதுவரை அவற்றின் அகன்ற கூரைகள் தரைச் சித்திரத்தில் இருந்தால் போதும். மாடி வீடுகள் வாஷி பாலங்களைக் கடக்கும் வேளையில் தோன்றினால் குற்றமில்லை. மாடிகளுக்கு முன்னர் வீடுகள் தோன்றினாலும், குன்றின் மேல் ஒரு மாடி திடீரெனக் குதித்தாலும், அப்பொருளின் எண்ணை மட்டும் திருத்திவிட்டு மீண்டும் பறக்க வேண்டும். அதே வழியை இரவிலும் ஒரு முறை கடந்து, எச்சரிக்கை விளக்குகள் தத்தம் கம்பங்களுக்கு முன்னதாகவே தெரிகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.